கேள்வி மாறி வந்த பதில்

மலைக்குப் போகும் எங்கள் ஒயர் அறுந்த அன்று காலை, அலுவலகத்தில் யாருமே பதறவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி மேலேறும் சாலையில் ஒரு வளைவில் மண் சரிந்து, ஓரத்துக் கம்பங்களையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியிருந்தது. கம்பங்களோடு எங்கள் இணைய ஃபைபர் ஒயரும் போயிற்று. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருக்கும் எங்கள் சின்ன அறையில், திரையில் ஒரு கோடு சிவப்பானது. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவதற்குள் பக்கத்துக் கோடு பச்சையானது. மலைக்குப் போக வேண்டியதெல்லாம் வேறு வழியில் போகத் தொடங்கிவிட்டது.

அந்த வேறு வழி ஒரு பழைய ரேடியோ இணைப்பு. மலைக்கு ஃபைபர் போவதற்கு முன்னால், அடிவாரத்தில் ஒரு டவரிலும் மலைமேல் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியிலும் ஆன்டெனா தட்டு வைத்து, ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தார்கள். ஃபைபர் வந்த பிறகும் முதலாளி அதைக் கழற்றவில்லை. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தார். அன்று அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா, நாம கை வெக்கவே இல்ல. அதுவே வழி மாறிக்கிச்சு" என்றார்.

எங்கள் முதலாளி, டிவி கேபிள் காலத்தில் தானே கம்பம் ஏறி ஒயர் கட்டியவர். பிறகு இணையத்துக்கு மாறினார். நான் பொறியியல் முடித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இங்கே சேர்ந்தேன். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. என் அம்மா திருநாவலூர் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறவர். என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், "நெட்டு போச்சுன்னா ஜனங்க போன் பண்ணுவாங்க இல்ல, அந்த போன எடுக்கற வேல" என்பார். ஏறக்குறைய சரிதான்.

வழி மாறியது எப்படி என்று அம்மாவுக்கு ஒருமுறை சொல்ல முயன்றிருக்கிறேன். ரவுட்டர் என்பது சந்திப்புகளில் இருக்கும் ஒரு பெட்டி. நாம் அனுப்பும் படமோ பேச்சோ சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகிறது. வரும் ஒவ்வொரு துண்டின் முகவரியையும் பார்த்து, அதை அடுத்த பெட்டிக்குத் தள்ளுவது அதன் வேலை. முழுப் பாதையும் அதற்குத் தெரியாது. அடுத்த சந்திப்பு மட்டும் தெரியும். ஒரு பாதை அறுந்தால் பக்கத்துப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொண்டு, வேறு பாதை இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். பாதை இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவற்றின் பேச்சு. நாங்கள் அமைத்திருந்த விதத்தில், அந்தப் பாதை இன்று எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியே அந்தப் பேச்சில் வராது. ஃபைபரில் தாராளமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு மலையின் இணையம் முழுவதையும், ரவுட்டர் அந்தப் பழைய தட்டின் வழியாகத் திருப்பிவிட்டது. திரை பச்சையாக இருந்தது.

பத்து மணிக்கு மேல் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நெட் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் எங்களுக்கும் பதில் சொல்வது சுலபம். மெதுவாக இருக்கிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, வருகிற மாதிரி இருக்கிறது ஆனால் வரவில்லை என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர், நெட்டு இருக்குது ஆனா இல்ல என்றார். அருவி பார்க்க வந்தவர்கள் சாலை அடைபட்டதால் கீழே இறங்க முடியாமல், மலைமேல் இருக்கும் ஒரு பெரிய விடுதியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை. அத்தனை அறையிலும் அத்தனை பேரும் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த படங்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த விடுதிதான் மலையில் எங்களுடைய பெரிய வாடிக்கை. அதன் மேலாளர் முதல் ஆளாகப் போன் செய்தார்.

நர்ஸ் அக்கா பிற்பகலில்தான் கூப்பிட்டார். அவர் மலைமேல் இருக்கும் சுகாதார நிலையத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறவர்; சொந்த ஊர் திருக்கோவிலூர். அங்கே நாங்கள் ஒயர் போட்ட அன்று எங்கள் எல்லோருக்கும் தன் குவார்ட்டர்ஸில் சோறு வடித்துப் போட்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் பாப்பா. அவர் சத்தமாகப் பேசும் ஆள். அன்று குரலே எழும்பவில்லை. செல்போன் சிக்னல் அந்தக் கட்டடத்தில் வராண்டா மூலையில் மட்டும்தான் கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு பேசினார்.

நடந்தது இதுதான். எட்டாவது மாதத்தில் இருந்த ஒரு பெண்ணை அவருடைய மாமியார் காலையில் அழைத்து வந்திருக்கிறார். தலைவலி, கண் மங்கல். பிரஷர் ஏறியிருந்தது. நிலையத்து டாக்டர் அன்று கீழே மீட்டிங்குக்குப் போனவர், சாலை அடைபட்டதால் திரும்ப முடியவில்லை. அதனால் அக்கா, வழக்கம்போல வீடியோவில் கீழே பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ டாக்டரைப் பிடித்தார். படம் தெளிவாகவே வந்தது. பேச்சும் தெளிவு. ஆனால் எல்லாம் பிந்தி வந்தது. அக்கா கேட்டு முடித்து, பதிலுக்குக் காத்திருந்து, வராததால் அடுத்ததைக் கேட்பார். அப்போது முதல் கேள்விக்கான பதில் வரும். அந்தப் பக்கத்தில் டாக்டருக்கும் அப்படியே. இருவரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டுமா என்று அக்கா கேட்டிருக்கிறார். பதில் இல்லை. ஊசியை இப்போதே போட்டுவிடட்டுமா என்று அடுத்ததைக் கேட்டார். உடனே திரையில் டாக்டர் தலையாட்டி, ஆமா, உடனே செய்யுங்க என்றார்.

"ஆமான்னு சொன்னாங்க பாப்பா. நான் ஊசிய கையில எடுத்துட்டேன். அந்தப் பொண்ணு கைய துணியால தொடச்சிக்கினு இருக்கேன், அப்பதான் அவங்க, முதுகுப் பக்கம் ஒரு தலகாணி வெச்சுக்குடுங்கன்னு சொல்றாங்க."

தலையணை என்ற சொல்லில்தான் அக்காவுக்குப் புரிந்தது, அந்த ஆமா எந்தக் கேள்விக்கு உரியது என்று. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, வீடியோவை அணைத்து, வராண்டா மூலைக்கு ஓடி டாக்டரைப் போனில் பிடித்திருக்கிறார். ஊசி இப்போது வேண்டாம், முதலில் பிரஷருக்கு மாத்திரை கொடுங்கள், குறைகிறதா என்று பார்ப்போம், எப்படியாவது கீழே அனுப்பப் பாருங்கள் என்றாராம் டாக்டர். அப்போதிலிருந்து, கட்டிலுக்கும் வராண்டாவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார் அக்கா. அந்தப் பெண் இப்போது தூங்குகிறாள் என்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நெட்டு சரியில்லையென்றால் ஒரேயடியாக நிறுத்திவிடு, எனக்கு அதுகூடப் பரவாயில்லை என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்த பிறகு, மலைக்கு ஒரு சோதனைத் துண்டை அனுப்பிப் பார்த்தேன். நல்ல நாளில் அது கண் இமைப்பதற்குள் போய்த் திரும்பும். அன்று அது திரும்புவதற்குள் நான் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கலாம். ஆனால் திரும்பி வந்தது. இன்னொன்று அனுப்பினேன், அதுவும் நிதானமாக வந்தது. தொலைந்தவை எத்தனை என்று காட்டும் இடத்தில் பூஜ்யம். முதலாளி காலையிலிருந்து அந்தப் பூஜ்யத்தைத்தான் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோளாறே அங்கேதான் இருப்பது போலப் பட்டது.

பாதை குறுகலாக இருக்கும்போது, வரும் துண்டுகளை ரவுட்டர் ஒரு இடத்தில் நிறுத்தி வைத்து ஒவ்வொன்றாக அனுப்பும். அந்த ரேடியோப் பெட்டியில் காத்திருக்கும் இடம் மிகப் பெரியதாக இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். எவ்வளவு வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும், எதையும் கீழே போடாது. கேட்க நல்ல குணம் மாதிரி இருக்கும். ஆனால், அனுப்புகிற கணினிக்கோ செல்போனுக்கோ வழியில் நெரிசல் இருப்பது பெரும்பாலும் எப்படித் தெரிகிறது என்றால், தான் அனுப்பியதில் ஏதாவது தொலைந்தால்தான் தெரிகிறது. ஒன்று தொலைந்தால், ஓ, வழியில் நெருக்கடி என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். எதுவுமே தொலையாவிட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் இன்னும் அனுப்பும். விடுதியிலிருந்த அத்தனை செல்போனும், அவற்றுக்குப் படம் அனுப்பிய கணினிகளும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தன. எங்கள் பெட்டி எதையும் மறுக்காமல் வாங்கி அடுக்கியது. அந்த ஒரே வரிசையின் வாலில்தான் டாக்டரின் ஆமா நின்றது. அது தொலையவில்லை, பழுதாகவில்லை. வேறொரு கேள்வியின் முன்னால் போய் இறங்கியது.

முதலாளியிடம் சொன்னேன். வரிசையைக் குட்டையாக்க வேண்டும், கொள்ளாததைக் கீழே போட வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது.

"கஸ்டமர் அனுப்புனத நாமளே தூக்கிப் போடறதா? இத்தினி வருஷமா நான் அத ஒண்ணதாம்மா செய்யாம இருக்கேன்" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. புயல் அடித்த வருடம் கம்பம் கம்பமாக ஏறி ஒயர் கட்டியவர் அவர். அவரைப் பொறுத்தவரை தொலைவது என்றால் தோற்பது. போட்டால் அவர்களுடைய இயந்திரம் மறுபடி அனுப்பிக்கொள்ளும், படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான் என்று நான் விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, சுகாதார நிலையத்துக்கு மட்டும் முன்வரிசை கொடுத்துவிடு, மற்றதைத் தொடாதே என்றார். அன்றைக்கு அது நியாயமாகத்தான் இருந்தது. கீழேயிருக்கும் பெட்டியில் அதைச் செய்தேன். அக்காவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். டாக்டர் பேசுவது இப்போது உடனே கேட்கிறது, நான் பேசுவதுதான் அங்கே போகவில்லை என்றார். மேலிருந்து கீழே வரும் வரிசை மலைமேல் இருக்கும் பெட்டியில் நிற்கிறது. அதைக் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு மாற்றலாம். ஆனால் ஒரு எழுத்துத் தவறினாலும் அந்தப் பெட்டி பேச்சை நிறுத்திவிடும். அப்புறம் மலைக்கு இருக்கும் ஒரே வழியும் போய்விடும். நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் முதலாளியே ஜீப்பை எடுத்தார். கச்சிராயபாளையம் வழி இல்லை என்பதால் சின்னசேலம், ஆத்தூர் என்று சுற்றி, கருமந்துறைப் பக்கமிருந்து மலை ஏறினோம். அந்தச் சாலையிலும் முந்தைய நாள் மரம் விழுந்து கிடந்தது; இரவில்தான் அகற்றியிருந்தார்கள். மழை சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் சாலை ஒரு வண்டிக்குத்தான் அகலம். எதிரே ஆம்புலன்ஸ் இறங்கி வந்தது. முதலாளி ஜீப்பைப் பின்னாலேயே எடுத்து, அகலமான திருப்பம் வரும்வரை போய், ஓரமாக மரவள்ளிக் கொல்லைக்குள் இரண்டு சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். ஆம்புலன்ஸ் எங்களைக் கடந்தபோது கண்ணாடி வழியாக ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது. உள்ளே படுத்திருப்பது அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும் என்றேன். முதலாளி தலையாட்டினார். வண்டியைக் கொல்லையிலிருந்து வெளியே எடுக்க நான் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது.

மலைமேல் எங்கள் தட்டு இருப்பது ரேஷன் கடைக் கட்டடத்தின் மொட்டைமாடியில். பெட்டி கடைக்குள்ளேயே ஒரு மூலையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே சுவரில் இருக்கிறது. நாங்கள் போனபோது கடைக்கு முன்னால் கூட்டம். குடையும் கோணிப்பையுமாகப் பெண்கள்தான் அதிகம். கைரேகை வைத்தால்தான் பொருள் போடலாம். ரேகை இங்கிருந்து கீழே போய், சரிதான் என்று பதில் வர வேண்டும். ஒரு ரேகை என்பது துளியூண்டு சமாசாரம். ஒரு படத்தில் ஒரு நொடிக்குப் போவதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தத் துளிதான் விடுதியின் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. பதில் வர நேரமானதால் மெஷின் பொறுமையிழந்து, மறுபடி வைக்கவும் என்று காட்டியது. மறுபடி வைத்தார்கள். அதுவும் போய் அதே வரிசையில் சேர்ந்தது.

நான் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தேன். முதலாளி கீழே நின்றிருந்தார். மெஷினுக்கு முன்னால் ஒரு அம்மாள் கட்டைவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு முறை ஆகியிருக்கும். கடைக்காரப் பெண் அடுத்த விரலை வைக்கச் சொன்னார். அதுவும் எடுக்கவில்லை. அந்த அம்மாள் முதலாளியைப் பார்த்து, ஏதோ ஆபீசர் என்று நினைத்தாரோ என்னவோ, தானாகவே சொன்னார்.

"மெஷின் நல்ல மெஷின்தாங்க. கெழங்கு புடுங்கிப் புடுங்கி என் ரேகதான் தேஞ்சிப் போச்சு. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க."

பின்னால் நின்ற பெண்களும் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர், தனக்கு நேற்றே எடுக்கவில்லை, வீட்டுக்காரரை அனுப்பலாம் என்றால் அவர் கை இன்னும் மோசம் என்றார். யாருக்கும் கோபமில்லை. எங்கள் பெட்டியில் நின்ற வரிசைக்காக அவர்கள் தங்கள் கைகளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. வங்கியில் ஒருமுறை இதே போல எடுக்காமல் போனபோது, கூட்டத்துக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார் அவர். அன்று அவர் விரல்தான் காரணமா, அல்லது எங்கோ ஒரு பெட்டியில் என்னைப் போல ஒருத்தி வைத்துவிட்டுப் போன வரிசையா என்று எனக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை.

முதலாளி அந்த அம்மாளிடம், "உங்க கை நல்லாத்தான் இருக்குதுங்க. எங்க லைன்லதான் நெரிசல்" என்றார். அந்த அம்மாள் நம்பியதாகத் தெரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தார்.

பிறகு முதலாளி மூட்டைப் பக்கம் வந்து, அடங்கிய குரலில் என்னிடம் கேட்டார், சுகாதார நிலையத்துக்கு முன்வரிசை கொடுத்தது போல ரேஷன் கடைக்கும் கொடுக்க முடியுமா என்று. முடியும் என்றேன். அப்படியானால் பள்ளிக்கூடத்துக்கு என்றார். அதுவும் முடியும். நம்மிடம் போன் செய்து சொல்லத் தெரிந்தவர்களுக்கெல்லாம் முன்வரிசை, சொல்லத் தெரியாதவர்களுக்குப் பின்வரிசை என்றாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்; அதை அவரே வேறு விதமாகச் சொன்னார்.

"ஒவ்வொருத்தரா சேத்துக்கினே போனா கடசில யாரும்மா பாக்கி? நீ நேத்து சொன்னியே, அதையே எல்லாருக்கும் போட்டுடு."

நேற்று நான் சொன்னது புதிதாக எதுவும் இல்லை. உலகத்தில் பலரும் செய்வதுதான். எல்லோருக்கும் ஒரே வரிசை என்பதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாகக் குட்டை வரிசை வைப்பது. ரவுட்டர் முறை வைத்து, இந்த வரிசையில் கொஞ்சம், அந்த வரிசையில் கொஞ்சம் என்று எடுத்து அனுப்பும். ஒரே ஒரு துளி வைத்திருப்பவருக்கு உடனே முறை வந்துவிடும். மூட்டை மூட்டையாக வைத்திருப்பவர் தன் முறைக்குத் தன் மூட்டைகளின் பின்னால் தானே நிற்க வேண்டும். வரிசை ரொம்ப நீண்டால் அவருடையதில்தான் சில கீழே விழும். விழுந்ததும் அவருடைய செல்போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுகாதார நிலையத்துக்கு மட்டும் முன்வரிசையை அப்படியே வைத்தேன். அதை முதலாளியும் நானும் பேசித்தான் முடிவு செய்தோம். எல்லோரையும் சமமாக நடத்துவது வேறு, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரைக் காக்க வைப்பது வேறு.

ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். பெட்டியின் விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. சோதனைத் துண்டை அனுப்பினேன். விரலை எடுப்பதற்குள் திரும்பி வந்தது. பூஜ்யம் இருந்த இடத்தில் இப்போது எண் ஏறத் தொடங்கியது. முதலாளி எட்டிப் பார்த்து, விழுதா என்றார். விழுது என்றேன். சரி என்றார்.

கீழே கடைக்காரப் பெண் அந்த அம்மாளைக் கூப்பிட்டு இன்னொருமுறை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தார். சீட்டு வந்துவிட்டது. அந்த அம்மாள் தன் கட்டைவிரலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் இருந்தவரிடம், "காலைல தேங்கா எண்ண தேச்சினு வந்தேன். இப்பதான் ஊறியிருக்குது போல" என்று விளக்கம் சொன்னார். மற்றவர்களும் எண்ணெய் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று விசாரித்துக்கொண்டார்கள். நானும் முதலாளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைய நல்ல பெயர் முழுவதும் தேங்காய் எண்ணெய்க்குத்தான் போயிற்று.

விடுதி மேலாளர் குடை பிடித்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். எங்கள் ஜீப்பைப் பார்த்திருக்க வேண்டும். படமெல்லாம் திடீரென்று மங்கலாகிவிட்டதாக விருந்தினர்கள் கேட்கிறார்கள் என்றார். முதலாளி என்ன சொல்வாரோ என்று நான் லேப்டாப்பை மூடாமலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒயர் அறுந்ததிலிருந்து ஆரம்பித்து, பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், படம் மங்கும், ஆனால் நின்று நின்று சுற்றாது, ஒயர் கட்டும்வரைக்கும் அப்படித்தான் என்றார். மேலாளருக்குத் திருப்தி இல்லை. இருந்தாலும் நேற்று முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்ததற்கு இது தேவலை என்று ஒப்புக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். போய்க் குடித்தோம். அங்கே கூடத்தில் குழந்தைகள் செல்போனை வைத்துவிட்டுச் சோழி உருட்டிக்கொண்டிருந்தார்கள். நெட்டு மங்கியதாலா, மழை விட்டதாலா என்று சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் இறங்குவதற்கு முன்னால் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அக்கா குளித்து, ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள் முழுக்க நடந்ததில் கால் வீங்கியிருந்தது. வீடியோவில் டாக்டரைப் பிடித்து, நேற்றைய கேஸ் வந்து சேர்ந்ததா என்று கேட்டார். கேட்டு வாய் மூடுவதற்குள், வந்துட்டாங்க, அட்மிட் பண்ணியாச்சு, பிரஷர் கட்டுக்குள்ள இருக்கு என்று பதில் வந்தது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். காபி போடட்டுமா என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் கழித்து ஆபரேஷன் செய்து பெண் குழந்தை எடுத்தார்கள். எடை கம்மி. கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் மலைக்குத் திரும்பிவிட்டதை அக்காதான் போனில் சொன்னார். அதற்கும் எங்கள் வரிசைக்கும் சம்பந்தமில்லை. ஊசியைத் தட்டில் வைத்தது அவர் கை. தலையணை என்ற சொல் இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. அவரும் பேசுவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் டாக்டரோடு பேசும்போது, "ஊசி பத்திதான் கேக்கறேன் டாக்டர், ஊசிக்கு பதில் சொல்லுங்க" என்று பெயர் சொல்லித்தான் கேட்கிறார். லைன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தை அவர் விடப்போவதில்லை; விட வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

சாலை சீராகி ஃபைபர் கட்டிய பிறகு, இனி அந்தக் குட்டை வரிசை எதற்கு என்று முதலாளி ஒருமுறை கேட்டார். அகலமான பாதையில் அது சும்மாதான் இருக்கும், நெரிசல் வந்தால் மட்டும் வேலை செய்யும் என்றேன். அப்படியானால் கள்ளக்குறிச்சி ஊருக்குள்ளும் போட்டுவிடு என்றார். போட்டேன். தொலைந்தவை எத்தனை என்ற எண்ணை அவர் இப்போது பெருமையாக யாருக்கும் காட்டுவதில்லை. அதற்குப் பக்கத்திலிருக்கும், போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்ற எண்ணைப் பார்க்கப் பழகிவிட்டார். எனக்குள்ளும் ஏதோ மாறியிருக்கிறது. நான் எதையும் யாருக்கும் இல்லையென்று சொல்லாத பெண் என்று பெயர் எடுத்தவள். வரும் வேலைகளையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பிந்தி முடித்துக் கொடுப்பேன். இப்போது முடியாததை முதலிலேயே முடியாது என்று சொல்லப் பார்க்கிறேன். கேட்டவர்கள் ஒரு நிமிஷம் முகம் சுளித்துவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த வருடம் கருமந்துறைப் பக்கமிருந்து மலைக்கு இரண்டாவது ஃபைபர் இழுக்க முயன்றுகொண்டிருக்கிறோம். பாதி வழி காட்டுக்குள் போவதால் வனத்துறை அனுமதி வேண்டும். போன சனிக்கிழமை கம்பம் எங்கெங்கே நடலாம் என்று பார்க்க முதலாளியும் நானும் போயிருந்தோம். ஒரு மேட்டில் அவருக்குப் பிடித்த இடம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு குடும்பம் சாமை விதைத்திருந்தது. அறுவடை முடியட்டும், அப்புறம் வந்து கேட்கிறோம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.